தொழிலாளர் நட்டஈடு பிறந்த வரலாறு

1835ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் இறைச்சி வணிகர் ஒருவரிடம் வேலைபார்த்த பிரீஸ்ட்லி என்னும் இளைஞன், முதலாளியின் கட்டளைப்படி வண்டியிற் சென்றான். மிகையான பாரம் ஏற்றிய அவ்வண்டி முறிந்து வீழ்ந்தது. அவனது தொடையெலும்பும் முறிந்தது. அவனுக்கு நூறு பவுண் வழங்க வேண்டுமென யூரிமார் தீர்ப்புக் கூறினர். ஆயின், 1837இல் மேல்மன்று அதனைத் தள்ளிவிட்டது. அபாயமெனக் கண்டால் வேலையாள் வண்டியேற மறுத்திருக்கலாம் என்றார் நீதிபதி அபிஞ்சர் பிரபு.

உடன்வேலையாளின் கவனக்குறைவால் ஒருவன் காயமுற்றால் அதற்கு முதலாளி பொறுப்பாளியல்லர் என்னும் கோட்பாடு இத்தீர்ப்பிலிருந்தே கிளைத்தது. அதுவோ ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய காலம். நூற்றுக்கணக்கானோர் கூடி உழைக்குமிடத்தில், எவர் பிழையால் இயந்திரம் ஒருவனது கையைப் பறித்தது என்று எண்பிப்பது எங்ஙனம்? கையிழந்த ஏழை வழக்காடப் பொருள் தேடுவது எங்ஙனம்?

இச்சிக்கலுக்கு ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி 1884இல் வழிகண்டது. முதலாளிமார் தொழில்வாரியாகச் சங்கங்களில் இணைந்து பணம் செலுத்தினர். அபாயம் மிக்க தொழிலுக்குக் கட்டணமும் மிகுதி. உழைக்கும் ஆற்றலை முற்றாக இழந்தவன் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கைப் பெற்றான். அதற்கு மாறாக, வேண்டுமென்றே தீங்கிழைத்தாலன்றி முதலாளிமீது அவன் வழக்கிட இயலாதாயிற்று. ஒருவர்க்கு அளவுட்பட்ட, ஆயினும் உறுதியான உதவி. மற்றவர்க்கு முன்னரே கணக்கிடத்தக்க செலவு. இதுவே இக்காப்புறுதியின் அடிப்படை.

இங்கிலாந்தில் யோசேப் சேம்பர்லேனின் முயற்சியால் 1897இல் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. 'பிழை யாருடையது?' என்ற பழைய வினாவின் இடத்தில், 'வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்ததா?' என்ற புதிய வினா எழுந்தது. காயமுற்றவனுக்கு அரைப்பங்கு ஊதியம், வாரத்துக்கு ஒரு பவுணுக்கு மேற்படாமல், வழங்கப்பட்டது. உடன்வேலையாளைப் பற்றிய பழைய கோட்பாடோ 1948இலேயே அங்கு முற்றாக ஒழிந்தது.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்புதிய வினாவையே அளவுகோலாகக் கொண்டது. தொழிலாளி விபத்தில் இறப்பின், நட்டஈட்டுப் பணத்தை முதலாளி ஆணையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவரே அதனை இறந்தவரிற் தங்கியிருந்தோர்க்குப் பகிர்ந்தளிப்பார். காப்புறுதி செய்த முதலாளியின் பாரத்தைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கின்றது.

இழந்த கையை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. ஆயினும், கையை இழந்தவனே தன் குற்றமின்மையையும் எண்பித்து நிற்க வேண்டும் என்ற கொடுமையை இச்சட்டம் நீக்கியது.