கொள்ளிடத்து உல்லமும் நம்மவர் ஜீவனமும்

ஒரு குலத்தாரின் சரித்திரம் செப்பேட்டிலும் அரண்மனைக் கணக்கிலும் மட்டும் அடங்குவதன்று. அவர்தம் கைத்தொழில் எக்காலத்தில் தழைத்தது, எதனால் தளர்ந்தது என்பதை ஆராய்தலும் சரித்திரமேயாம். நன்னீரில் வலைவீசிப் பிழைத்த நம்மவரைக் குறித்து, ‘முயற்சி குன்றியமையால் தொழிலை இழந்தனர்’ என்று சிலர் எளிதிற் கூறிவிடுகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதைக் கொள்ளிடத்து உல்லமீனின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நன்னீர் மீன்பிடித்தல் நம் நாட்டில் பண்டு தொட்டே ஒழுங்குடன் நடைபெற்ற தொழிலாகும். ஏரி குளங்களின் மீனுரிமைக்குச் செலுத்திய ‘பாசிப் பாட்டம்’ பழைய சாசனங்களிற் காணப்படுகின்றது. இன்றும் ஏலத்தில் வழங்கும் ‘மீன்பாசி’ என்னும் சொல் அதன் வழிவந்ததே. ஏரியில் மீனால் வரும் வருவாயை அவ்வேரியையே தூரெடுத்துக் கரைகாக்க ஒதுக்கிய சாசனங்களும் உள. மீனும் நீரும் ஒன்றையொன்று காக்கும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். 1909-ம் வருஷத்தில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலும், செம்படவர் ஏரி, குளம், ஆறுகளில் மீன்பிடிப்போர் என்றும், கடலிற் செல்லாதவர் என்றும் குறிக்கின்றது. ஆகவே ஆற்றுக்கு வந்த கேடு நம்மவர்க்கு வந்த கேடேயாம். ஒதுங்குதற்குக் கடலும் இல்லை.

இனி, உல்லத்தின் இயல்பைக் கூறுவோம். வங்காளத்தார் ‘இலிஷ்’ எனப் போற்றும் மீன் இதுவே. கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் ஆற்றின் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறுவது இதன் இயற்கை. குடகுமலை மழையால் ஆனி ஆடி மாதங்களில் காவிரி பெருகுங்கால், உல்லம் கொள்ளிடத்தின் முகத்துவாரம் புகுந்து மேற்செல்லும். பெடை ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். குஞ்சுகள் ஆற்றிற் சிலகாலம் வளர்ந்து, பின் கடலுக்கு மீளும். ஏறுவதற்கு வழியும், அழைப்பதற்கு வெள்ளமும் ஆகிய இரண்டும் இன்றி இம்மீன் ஆற்றில் தழைக்க மாட்டாது.

முதலில் அடைபட்டது வழி. 1836-ம் வருஷத்தில் ஆர்தர் காட்டன் துரையின் முயற்சியால் அணைக்கரையில் கீழணை எழுந்தது. மேலேற இயலாத மீன்கள் அணையின் அடியில் திரண்டு நின்றன. அங்கு அவற்றை வாரி எடுத்தல் எளிதாயிற்று. சில காலம் அது பெருவரவாகவே தோன்றியிருக்கும். ஆயினும் அது முதலைத் தின்னும் வரவன்றோ? இந்திய மீன்துறைத் தலைமை அதிகாரியாயிருந்த பிரான்சிஸ் டே என்னும் வைத்தியர், 1873-ல் வெளியிட்ட நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையில், அணைகளின் கீழ் மீன்கள் அழிக்கப்படுவதையும் குஞ்சுமீன் பிடிப்பதையும் வன்மையாகக் கண்டித்தார். பின்னர் 1897-ம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டம், வெடியாலும் விஷத்தாலும் மீன் கொல்லுதலைத் தடுத்தது. வலைக்கண் அளவு முதலியவற்றுக்கு விதிகள் வகுக்கச் சர்க்காருக்கு அதிகாரமும் தந்தது. வலைக்கு விதி பிறந்தது; அணைக்கு விதி பிறக்கவில்லை.

1907-ல் பிரெடரிக் நிக்கல்ஸன் துரையின் தலைமையில் சென்னை ராஜதானியில் மீன்துறை தோன்றியது. அத்துறையினர் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்யும் பிரயத்தனத்திலும் இறங்கினர். நிலைத்த பயன் விளையவில்லை.

இரண்டாவதாகக் குறைந்தது வெள்ளம். 1934-ல் மேட்டூர் அணை முடிவுற்றது. புதுவெள்ளம் அதன் நீர்த்தேக்கத்தில் நிற்க, கொள்ளிடத்தில் உல்லத்தை அழைக்கும் பெருக்குக் குன்றியது. உல்லத்தின் வரவும் மிகச் சுருங்கியது. இது நம் ஆற்றுக்கு மாத்திரம் நேர்ந்த விதியன்று. கங்கையில் அலகாபாத்தையும் கடந்து சென்ற அம்மீன், 1975-ல் பரக்கா அணை திறக்கப்பட்டபின் மேற்பகுதியில் அருகிப்போயிற்று. அங்கும் இங்கும் மீனவர் குலம் வேறு. நேர்ந்த நஷ்டம் ஒன்றே.

அணைகளைப் பழிப்பது நம் கருத்தன்று. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணத்துக்கு நீர் செல்கின்றது; அந்நீரால் விளைந்த சோற்றை நாமும் உண்கின்றோம். நாம் கேட்பது இதுவே: கணக்கிட்டோர் நெல்லின் வரவை எழுதியபோது, மீனின் செலவை எந்த ஏட்டில் எழுதினர்? உழவர்க்குப் பாசன நீர் உரிமையாயிற்று. வலைஞர்க்கு வழிமறிப்பே மிஞ்சியது. இதனை அறிந்த பின்னும் நம்மவரின் தளர்ச்சிக்கு முயற்சியின்மையே காரணம் என்பது நியாயமாகுமா?

எனினும் நம்மிடமுள்ள கடமையை மறைத்தலும் தகாது. வெடி வைப்போரும், கொசுவலையாற் குஞ்சை வாரிக்கொள்வோரும் நம்மிடையே உளராயின், அவர் தம் மக்களின் உணவையே அழிப்போராவர். அவரைத் திருத்துதல் நம் சங்கத்தாரின் பொறுப்பு. வயது முதிர்ந்தோர் அறிந்த மீன்களின் பெயர்களையும், அவை ஏறும் பருவங்களையும், பறி, ஊத்தா, தூரி முதலிய கருவிகளின் அமைப்பையும் இளைஞர் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். வீடுகளிலுள்ள பழைய மீன்பாசிக் குத்தகைச் சீட்டுகளையும் பேணுதல் வேண்டும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையை அறிந்த சிறுவர், உல்லத்தின் பெயரையும் அறியாதிருத்தல் நம் குறையே.

இனி ஆற்றில் எவ்வணை எழினும், மீனேறும் வழியைக் குறித்து வலைஞரையும் ஒரு வார்த்தை கேட்குமாறு நாம் ஒருமித்து வேண்டுவோமாக. எழுத்தில் வைத்த சரித்திரமே அவ்வேண்டுகோளுக்குச் சான்றாய் நிற்கும்.