எழுத்தும் நிலையும்: பேக்காமன் சுருக்கெழுத்தை விரிக்கும் நிரல் பற்றி

பேக்காமனில் ஒரு நகர்வை எழுத இரு வழக்கங்கள் உண்டு. மரபு முறையில் காய் புறப்பட்ட வீட்டையும் சேர்ந்த வீட்டையும் சாய்கோடிட்டு எழுதுவார்கள்: 3-1 விழுந்தால் 8/5 6/5. நேக் பல்லார்ட் வகுத்த ‘நேக்டேஷன்’ சுருக்குமுறையில் இதுவே 31பி. ‘பி’ என்பது வீடு கட்டுவதைச் சுட்டும் ஆங்கில எழுத்து. 24/13 என ஓடுவது 65ஆர். 13/11 6/5 என ஆடுவது 21$. இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் நிரலுக்கு அகராதி ஒன்று போதும் என்றே முதலில் தோன்றும். போதாது என்பதே என் வாதம். மாற்றி கையாள வேண்டியது எழுத்துகளை அல்ல, பலகையின் நிலையை.

அகராதி ஏமாற்றுவதற்குக் காரணம், அது தொடக்கத்தில் சரியாகவே வேலை செய்வதுதான். யார் முதலில் ஆடுவது என்பதை ஆளுக்கொரு பகடை உருட்டித் தீர்ப்பதால் முதல் நகர்வில் இரட்டை வராது. 15 வீச்சுகளே உண்டு. காய்கள் 24, 13, 8, 6 ஆகிய வீடுகளில் முறையே 2, 5, 3, 5 என நிற்கின்றன. புதிய வீடு கட்ட இரு காய்கள் ஒரே வெற்று வீட்டில் சேர வேண்டும். அதற்கு அவை புறப்படும் வீடுகளின் இடைவெளியும் இரு பகடைகளின் வேறுபாடும் ஒன்றாக இருக்க வேண்டும். பகடைகளின் வேறுபாடு 5ஐத் தாண்டாது. அந்த எல்லைக்குள் இருக்கும் இடைவெளிகள் இரண்டுதான்: 8க்கும் 6க்கும் இடையே 2, 13க்கும் 8க்கும் இடையே 5. ஆகவே 31, 42, 53, 64, 61 என்ற ஐந்து வீச்சுகளில் மட்டுமே ‘பி’ சாத்தியம். ஒவ்வொன்றிலும் ஒரே வழிதான். ‘பி’க்கு நிலையான பொருள் இருப்பதுபோல் தெரிவது காய்கள் அடுக்கப்பட்ட விதத்தால் வந்தது. எழுத்துக்கு அதில் பங்கில்லை.

இப்போது 21$ ஆடிய காய்களை எதிராளி தொடாமல் விட்டார், அடுத்து 3-1 விழுந்தது என்று கொள்வோம். 13/10 11/10 பத்தாம் வீட்டைக் கட்டும். 8/5 6/5 ஐந்தாம் வீட்டைக் கட்டும். அங்கே ஏற்கெனவே தனிக்காய் ஒன்று நிற்பதால் 8/5 மட்டுமே போதும். 1ஐ வேறெங்காவது ஆடிக்கொள்ளலாம். எல்லாமே ‘பி’தான். எனவே நிரல் அந்த நிலையில் விதிக்குட்பட்ட நகர்வுகள் அனைத்தையும் உருவாக்கி, எழுத்தின் பொருளுக்குப் பொருந்துவனவற்றை வடித்து, முறையின் முன்னுரிமை விதிப்படி ஒன்றைத் தேர வேண்டும். அப்போதும் இரண்டு எஞ்சினால் ஊகிக்காமல் பிழை காட்டி நிற்பதே நேர்மை.

மரபு முறை மட்டும் ஐயமற்றதா? 13/11 6/5 என்பதை 6/5 13/11 என்றும் எழுதலாம். 24/13ஐ 24/18/13 என்றும் எழுதலாம். சரங்களை ஒப்பிடும் நிரல் இவற்றை வெவ்வேறு நகர்வுகள் என்றே சொல்லும். நகர்வுக்குப் பின்வரும் நிலைகளை ஒப்பிட்டால் சிக்கல் அவிழ்கிறது. குனூ பேக்காமன் என்ற மென்பொருள் ஒரு நிலையை 80 பிட்டுகளில் அடக்கி 14 எழுத்துகளாகத் தருகிறது. இரண்டும் ஒரே 14 எழுத்தைத் தந்தால் ஒரே நகர்வு. வெட்டும் இதில் தானாகவே தீரும். 18ஆம் வீட்டில் எதிராளியின் தனிக்காய் நிற்கும்போது 6-2 விழுந்தால் 24/18*/16, 24/22/16 இரண்டிலும் நம் காய் ஒரே இடத்தைச் சேரும். ஆனால் முதலாவதில் எதிராளியின் காய் வெட்டுப்பட்டு நடுப்பட்டையில் கிடக்கும், நிலை வேறாகும். எழுதியவர் வெட்டைக் குறிக்கும் உடுக்குறியை (*) மறந்திருந்தாலும், வழி தெளிவாக இருந்தால், நிரலே அதை இட்டுவிடலாம்.

கடைசியாக, சோதனை. ஒவ்வொருவரும் வீடுகளைத் தம் பக்கத்திலிருந்தே எண்ணுவதால் என் 24 எதிராளிக்கு 1; எந்த வீட்டுக்கும் இரு எண்களின் கூட்டு 25. முறை மாறும்போது பலகையைத் திருப்ப மறப்பது மிக எளிது. தொடக்க நிலை இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி தெரிவதால், இந்தப் பிழையுள்ள நிரல் 15 தொடக்க வீச்சுகளிலும் தேறிவிடும். பதில் நகர்வில்தான் அது எதிராளியின் காயென்று நம் காயையே எடுத்து ஆடும், அதுவும் பெரும்பாலும் விதிக்குட்பட்ட நகர்வாகவே. எனவே என் சோதனைத் தொகுப்பை இரண்டாம் நகர்விலிருந்தே தொடங்குகிறேன்.