காயத்துக்கு விலை உண்டு, மருந்துக்கு இல்லை!

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஒரு கசாப்புக் கடை. கடைக்காரர் பெயர் தாமஸ் ஃபவுலர். அவரிடம் வேலை பார்த்த பையன் சார்லஸ் பிரீஸ்ட்லி. 1835இல் ஒரு நாள் இறைச்சி ஏற்றிய வண்டியோடு அவனை அனுப்பினார்கள். வண்டியில் அளவுக்கு மீறிய பாரம். போகிற வழியிலேயே வண்டி உடைந்து கவிழ்ந்தது, பையனின் தொடை எலும்பு முறிந்தது. பீட்டர்பரோ ஊரில் ஒரு சத்திரத்தில் 19 வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். வைத்தியருக்கும் சத்திரத்துக்கும் அவனுடைய அப்பாதான் கடன் வாங்கிக் கட்டினார்.

முதலாளி தரமாட்டேன் என்றதால் வழக்கு. ஜூரிகள் 100 பவுண்டு தரச் சொன்னார்கள். ஆனால் 1837இல் மேல் நீதிமன்றத்தில் லார்டு ஆபிங்கர் அதை ரத்து செய்துவிட்டார். அவர் சொன்ன காரணம் விநோதமானது. இதற்கு முதலாளி பொறுப்பு என்றால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்து வேலைக்காரனுக்கு உடம்பு கெட்டாலும் முதலாளிதான் பொறுப்பு என்று ஆகிவிடுமாம்! ஆபத்து என்று தெரிந்தால் வேலைக்காரன் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருக்கலாமே என்பது அவர் வாதம். இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு அடுத்த அறுபது வருடம் இங்கிலாந்து முதலாளிகள் தப்பித்தார்கள்.

தொழிலாளர் இழப்பீட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த வழக்கில்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் குடும்பத்தை முதலில் கடனில் தள்ளியது போன சம்பளம் அல்ல, வைத்தியச் செலவு. அடிபட்டவனுக்கு அன்றைக்கே வேண்டியது டாக்டர். நஷ்டஈடு ஆறு மாதம் கழித்து வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். எலும்பு ஆறு மாதம் காத்திருக்காது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் நாடு ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில் 1883இல் நோய்க் காப்பீட்டுச் சட்டம், 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம். தொழிற்சாலையில் அடிபட்டவனை முதல் 13 வாரம் நோய்க் காப்பீட்டு நிதி பார்த்துக்கொள்ளும். 14ஆவது வாரத்திலிருந்து முதலாளிகளின் விபத்துச் சங்கம் பொறுப்பேற்கும். நோய் நிதிக்குத் தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள். அதாவது சின்னக் காயங்களின் செலவில் பெரும்பகுதி தொழிலாளி தலையிலேயே விழுந்தது. அதில் அநியாயம் இருக்கிறது. ஆனால் யார் மேல் தப்பு என்ற சண்டை முடியும்வரை சிகிச்சை நிற்காது! பிஸ்மார்க் ஒன்றும் தொழிலாளிக்கு நண்பர் கிடையாது. சோஷலிஸ்டுகளின் செல்வாக்கைக் குறைக்கத்தான் இதையெல்லாம் செய்தார். இருந்தாலும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

இங்கிலாந்து 1897இல் சட்டம் கொண்டுவந்தபோது இந்தப் பாதையில் போகவில்லை. முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டாம், வேலையில் அடிபட்டாலே பணம் உண்டு என்றார்கள். பெரிய மாற்றம்தான். ஆனால் கொடுத்தது பாதிச் சம்பளம் மட்டுமே. வைத்தியச் செலவு அந்தச் சட்டத்தில் எங்கே வருகிறது தெரியுமா? தொழிலாளி இறந்து போய், அவனை நம்பியிருந்தவர்கள் யாருமே இல்லையென்றால், மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் சேர்த்து 10 பவுண்டுக்கு மிகாமல் தரலாம். உயிரோடு இருப்பவனுக்கு அதுவும் இல்லை.

இந்தியாவுக்கு வந்தது இந்த இங்கிலாந்து மாடல்தான்.

இத்தனைக்கும் இந்தியத் தொழிலாளிகள் வேறு மாதிரி கேட்டிருந்தார்கள். 1884இல் நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி, 5,500 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, மதியம் அரை மணி நேர ஓய்வு ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது. மில்லில் பலமாக அடிபட்டவனுக்குக் குணமாகும்வரை முழுச் சம்பளம் தர வேண்டும், ஆயுளுக்கும் ஊனமானால் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும். ஜெர்மனியில் விபத்துச் சட்டம் வந்த அதே வருடம்!

இங்கே சட்டம் வர இன்னும் 39 வருடம் ஆனது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் நிறைவேறி 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. பி.காம் மாணவர்களுக்குத் தொழிற்சட்டப் பாடத்தில் பரிச்சயமான சட்டம்தான். பரீட்சைக்கு முக்கியம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்வது அதன் முதல் அட்டவணையை. 1923இல் அந்த அட்டவணை இப்படி இருந்தது: வலது கை முழங்கைக்கு மேலே போனால் 70 சதவீதம். இடது கை என்றால் 60. ஒரு கண் 30. கட்டை விரல் 25. ஆள்காட்டி விரல் 10. மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. உடம்பை இப்படி விலைப் பட்டியலாகப் படிக்கும்போது கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

அட்டவணையில் இல்லாதது வைத்தியம். விரல் போனால் விலை உண்டு. விரல் போகாமல் காப்பாற்ற ஆகும் செலவுக்கு முதலாளி பொறுப்பு என்று ஒரு வரி கிடையாது. முதல் 10 நாளுக்கு எதுவும் கிடைக்காது என்ற விதி வேறு. அது பிறகு 7 நாளாகி, 1959 திருத்தத்தில் 3 நாளானது.

சட்டத்தில் டாக்டர் வரவே இல்லையா? வருகிறார், 11ஆவது பிரிவில். விபத்து பற்றித் தகவல் வந்த மூன்று நாளுக்குள் முதலாளி இலவச மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் தொழிலாளி போக வேண்டும். மறுத்தால் இழப்பீட்டு உரிமை நிறுத்தி வைக்கப்படும். இந்த டாக்டர் வருவது காயம் நிஜம்தானா என்று பார்க்க. முதலாளி இலவசமாக வைத்தியம் செய்து கொடுக்க முன்வந்து தொழிலாளி மறுத்து, வேறு டாக்டரிடமும் ஒழுங்காகப் போகாமல் காயம் முற்றினால், முற்றிய பகுதிக்கு இழப்பீடு இல்லை. சரி, நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதலாளி வைத்தியத்துக்கே ஏற்பாடு செய்யாமல் விட்டு, அதனால் காயம் முற்றினால்? தாமதத்துக்கான தண்டனை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் இ.எஸ்.ஐ. பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் ஆரம்பமானது, மில்கள் நிறைந்த ஊர் ஆயிற்றே. இது கிட்டத்தட்ட ஜெர்மன் யோசனை. முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் கட்டுகிறார்கள், அடிபட்டால் கார்டைக் காட்டி டிஸ்பென்சரிக்குப் போக வேண்டியதுதான். முதலாளியிடம் கை ஏந்த வேண்டாம்.

ஆனால் முதலில் இது மின்சாரத்தில் இயங்கும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலைகளுக்குத்தான். கொத்தனார், தச்சர், சுமை தூக்குபவர், சின்னப் பட்டறைக்காரர் எல்லாம் பழைய 1923 சட்டத்திலேயே நின்றார்கள். அங்கே முதலாளிக்கு இருந்த பெரிய ஆயுதம் தாமதம். வழக்குப் போடட்டும், கமிஷனர் முடிவு சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்! 1959 திருத்தம் இதற்கு 4ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 6 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். வட்டி 1995இல் 12 சதவீதமானது.

சரி, "தர வேண்டிய நாள்" எது? இந்த ஒரு கேள்விக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஒரிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊர் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் அல்ல, கோராபுட் மாவட்டத்தில் இருப்பது). அங்கே ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968 ஜூலையில் விபத்தில் சிக்கி இடது கையை இழந்தார். கமிஷனர் 9,800 ரூபாயும், தராமல் இழுத்ததற்கு 50 சதவீத அபராதமும், வட்டியும் தரச் சொன்னார். தியேட்டர் உரிமையாளர் விடவில்லை. ஒரு கை போனது முழு ஊனம் ஆகாது, கமிஷனர் முடிவு சொல்லும்வரை பணம் பாக்கி என்றே ஆகாது என்று வாதாடினார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளுபடி செய்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம். காயம் பட்ட அந்த நிமிடமே முதலாளிக்குக் கடமை பிறந்துவிடுகிறது. 9,800 ரூபாய்க்கு ஏழு வருடம்!

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2007இல் அதே நீதிமன்றத்தின் சிறிய அமர்வு ஒன்று, முடிவு சொன்ன நாளிலிருந்துதான் வட்டி என்று தீர்ப்பளித்தது. கீழே இருந்த கமிஷனர்களுக்கு ஒரே குழப்பம். கடைசியில் 2012இல், 1975 தீர்ப்பே செல்லும், விபத்து நாள்தான் கணக்கு என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

இ.எஸ்.ஐ பக்கமும் பிரச்சினை இல்லாமல் இல்லை. அங்கே பதிவு செய்தவர், 53ஆவது பிரிவின்படி, பழைய சட்டத்தில் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. டி.வி. ரிப்பேர் செய்யும்போது கண்ணை இழந்த ஒருவரின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியானால் இ.எஸ்.ஐ டிஸ்பென்சரியில் வைத்தியம் தப்பாகப் போனால்? அரியானாவில் சோனிபட்டில் ஒரு தொழிலாளியின் மனைவிக்குச் சர்க்கரை நோய். டிஸ்பென்சரியில் பார்க்கப் பார்க்க உடம்பு மோசமானது. வெளியே பரிசோதித்தபோது நோயையே தவறாகக் கணித்திருந்தது தெரிந்தது. இது இலவச சேவை, நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது நிர்வாகம். மாதாமாதம் சந்தா பிடிக்கிறார்களே, அப்புறம் எப்படி இலவசம்? 2007இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி வழக்கை அனுமதித்தது.

1923 சட்டத்தில் வைத்தியச் செலவு நுழைந்தது 2009 திருத்தத்தில். 2010 ஜனவரி 18 முதல் அமல். கணக்குப் போட்டால், சட்டம் பிறந்து 86 வருடம் கழித்து! வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவு முழுவதும் திருப்பித் தரப்படும் என்று ஒரு சின்ன உட்பிரிவு. உச்சவரம்பு இல்லை. வழக்கை மூன்று மாதத்துக்குள் கமிஷனர் முடிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

"திருப்பித் தரப்படும்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் செலவு செய்திருந்தால்தானே திருப்பித் தர முடியும்? கையில் பணம் இல்லாத கூலித் தொழிலாளி ஆஸ்பத்திரியில் கட்டுவதற்கு முதலில் கடன்தான் வாங்க வேண்டும். பில்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இது வேலையில் பட்ட காயமே இல்லை என்று முதலாளி சொன்னால், பில்லோடு கமிஷனர் வாசலில் நிற்க வேண்டும். பீட்டர்பரோ சத்திரத்தில் அந்த அப்பா செய்தது இதைத்தான்.

இந்த இரண்டு சட்டங்களும் 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இ.எஸ்.ஐ தனி அத்தியாயம், இழப்பீடு தனி அத்தியாயம். இழப்பீட்டு அத்தியாயத்தில் மருத்துவச் செலவு இப்போதும் "திருப்பித் தருவது"தான்.