சப்ரகமுவத் தோட்டங்களில் உள்ளான் வரவு

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஆண்டுதோறும் கரைப்பறவைகள் அங்கே வருகின்றன. முந்தி வருவது உள்ளான். ஓகஸ்டிலேயே கித்துல்கலவில் களனி கங்கையின் பாறைகளிலும், இரத்தினபுரிப் பக்கம் களு கங்கையில் சேரும் ஓடைகளிலும் வாலை ஓயாமல் ஆட்டியபடி தனியே இரை தேடும். வடக்கே கோடை குறுகியது. குஞ்சுகள் பறக்கத் தொடங்குமுன்பே தாய்ப்பறவைகள் பல தெற்கே புறப்பட்டுவிடும், இளம்பறவைகள் பிந்தி வரும். கருப்பு உள்ளானும் பொரி உள்ளானும் அடுத்து வயல்களில் இறங்கும். சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும் ஊசிவால் உள்ளான் வந்து சேர செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிவிடும்.

இந்த வரவை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் தோட்டத் துரைமாருமே. பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ட் லெக் இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலை 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். சிவில் சேவையாளர் வெயிட்டின் கையேடு 1925இல் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவியபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிக் குன்றுகளை இறப்பர் மூடியது. 1912இல் இரத்தினபுரிக்கு ரயிலும் வந்தது. தோட்டங்களுக்குக் கீழே பள்ளத்தாக்குகளில் வயல்கள். அங்கே ஊசிவால் உள்ளானைச் சுடுவது துரைமாரின் விருப்பமான வேட்டை. அதனால்தான் இப்பறவை வரும் காலத்தை அவர்கள் அவ்வளவு கவனமாக எதிர்பார்த்திருந்தார்கள். விடியற்காலையிலேயே மலைக்கும் ஓடைக்கரைக்கும் போன தொழிலாளர்கள் இப்பறவைகளைத் துரைமாருக்கு முன்பே பார்த்திருப்பார்கள். அவர்கள் கண்டது அச்சேறவில்லை. இந்த வரலாற்றின் பெரிய இழப்பு இதுதான்.

துப்பாக்கியிலிருந்து குறிப்பேட்டுக்கான மாற்றம் மெல்ல நடந்தது. 1894இல் வேட்டைவிலங்குகளைக் காக்கத் தொடங்கப்பட்ட சங்கத்தில் துரைமார் பலர் இருந்தனர். 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் உருவானது. தீவின் பல பகுதிகளிலிருந்து உறுப்பினர்கள் அனுப்பிய குறிப்புகளை அது தொகுத்தது. 1911இல் தோட்டத் தொழிலுக்காக வந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் இலங்கைப் பறவைகளின் பட்டியலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார். கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றில் 1891இல் பிறந்த ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி நூல் 1955இல் வந்தது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து உருவான களப் பறவையியல் குழு குறிப்பெழுதும் இந்தப் பழக்கத்தை உள்ளூர் மாணவர்களிடம் கொண்டுசென்றது.

உடவளவை நீர்த்தேக்கம் இதற்குள் மாகாணத்தின் தென்கோடியில் புதிய களமொன்றைத் திறந்துவிட்டிருந்தது. அதைச் சுற்றிய தேசியப் பூங்கா 1972இல் அறிவிக்கப்பட்டது. மழை குறைந்த ஓகஸ்ட், செப்டெம்பரில் நீர் வற்றி வெளிப்படும் சேற்றில் மாகாணத்தின் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கரைப்பறவைகளுக்கு இடமுண்டு.

ஆனால் ஒரு பறவை முதலில் காணப்பட்ட தேதி எல்லாம் வலசை வரவின் தேதியல்ல. சிறிய உப்புக்கொத்தியின் ஒரு துணையினம் இலங்கையிலேயே முட்டையிட்டு வாழ்கிறது. ஓகஸ்டில் தெரியும் ஒன்று உள்ளூர்ப் பறவையாகவே இருக்கலாம். கடலோரத்தில் சில கரைப்பறவைகள் வடக்கே திரும்பாமல் கோடையையும் இங்கேயே கழிக்கும். ஆகவே ஓடைக்கரையில் தனியே இரை தேடும் அந்த உள்ளானின் முதல் தேதிக்கு மதிப்பு அதிகம்: அது இலங்கையில் குஞ்சு பொரிப்பதில்லை, வசந்தத்தில் மலை ஓடைகளை விட்டும் போய்விடுகிறது.