காலாடிப்பேட்டையிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கோட்டைக்கு

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் ஷெனான்சோ என்றொரு கோட்டை மாளிகை. 'பெண்களின் கோட்டை' என்றே பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். 1740களில் அதன் எசமானி லூயிஸ் துப்பான், பெண்களைப் பற்றிப் பெரிய நூலொன்று எழுத முனைந்தார். செயலாளராக வைத்துக்கொண்டது ரூசோவை. அந்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. பெண் ஆணை மகிழ்விக்கப் பிறந்தவள் என்று ரூசோ பின்னாளில் எழுதியது மட்டும் உலகெங்கும் போனது.

அதே ஆண்டுகளில் நம்மூரிலும் ஒரு கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டைதான். அதைப் பார்க்கத்தான் திருவொற்றியூர் காலாடிப்பேட்டையிலிருந்து பெண்களாகச் சேர்ந்து ஒருநாள் வேனில் போனோம். காலாடிப்பேட்டை என்பதே காலட் பேட்டை. கவர்னர் ஜோசப் காலட் (1717-1720) கம்பெனித் துணிக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். தறிக்கு வேண்டிய நூலை நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கப்பலேறிய துணியில் அவர்கள் உழைப்பு இருந்தது. கோட்டையின் செல்வமும் அங்கிருந்துதான் வந்தது. வழிகாட்டியின் பேச்சில் பீரங்கி வந்தது, கிளைவ் வந்தார், நூல் வரவில்லை.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே கோட்டையைப் பிடித்தார். ஐரோப்பாவில் 1748இல் உடன்படிக்கை ஆனபின், 1749 ஆகஸ்டில்தான் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. இந்தக் கதையில் பெயர் தெரிந்த பெண் ஒருவர் உண்டு: புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேயின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். அவருடைய மகள் ஒருத்தி சென்னை வணிகர் பார்னவாலை மணந்து இங்கேயே இருந்தாள். உளவுச் செய்திகளும் கடிதப் போக்குவரத்தும் ழானின் கைவழியே நடந்தன.

அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. பிள்ளைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பணம் பிடுங்குகிறாள், எல்லாவற்றிலும் தலையிடுகிறாள் என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிறார். துபாஷி உத்தியோகமே நசர், அன்பளிப்பு என்று ஓடிய காலம் அது! கவர்னர் வாங்கினால் மரியாதை, கவர்னர் மனைவி வாங்கினால் பேராசை. அதற்காக அவரை நம் கட்சியில் சேர்த்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவர் பங்கைப் பிள்ளை எழுதியிருப்பதைப் பகை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அதிகாரத்தில் இருந்த பெண். அந்த அதிகாரத்துக்குப் பொறுப்பும் உண்டு.

எனக்கு அவரைவிடக் கோட்டைக்கு வடக்கே இருந்தவர்கள்தான் முக்கியம். இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடம் பழைய கறுப்பர் நகரம். கோட்டைக்குக் காப்பாக வெட்டவெளி வேண்டுமென்று அதில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்தார்கள். இரு பகைவரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. இந்த எல்லைக்குள் இனி யாரும் கட்டக் கூடாது என்று ஆறு தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே ஒன்று மிஞ்சியிருக்கிறது.

"வீட்ட இடிச்ச அன்னைக்கு ராத்திரி அந்தப் பொம்பளைங்க எங்க அடுப்பு மூட்டினாங்க?" என்றார் எங்களோடு வந்த அக்கா ஒருவர். வழிகாட்டி லாலியின் முற்றுகைக்குப் போய்விட்டார். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை நடந்தது அது. அதற்குப் பிறகுதான் புதிய நகரைச் சுற்றி மதில் எழும்பியது. அதன் வடக்குத் துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவாக நிற்கிறது. மதிலுக்கு வெளியே, வடக்கே இருப்பதுதான் ராயபுரம்.