தேர்ந்தெடுத்ததா, இல்லையா? 37 வருஷம் விடை தேடிய ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் கதை

1/
ஓபியில் ஒரு அப்பா. மகனை வெளியே பெஞ்சில் உட்கார வச்சிட்டு தனியா உள்ளே வந்தார். "டாக்டர், இவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே இல்லையாம். ஊசி, மாத்திரை ஏதாவது இருக்கா? ஜெபத்துக்கும் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டோம். மாற மாட்டேன்னு அடம் பிடிக்கிறான்."

2/
அந்த "அடம்" என்கிற வார்த்தை எனக்குள்ளேயே நின்னுடுச்சு. யோசிச்சு எடுத்த முடிவா இருந்தாத்தானே, மாறாம இருப்பது அடம் ஆகும்? தன்பாலீர்ப்பு ஒருவர் தேர்ந்தெடுக்கிற விஷயமா? கிறிஸ்தவ உலகம் இந்தக் கேள்வியோடு நீண்ட காலம் மல்லுக்கட்டியிருக்கு. அந்த வரலாறுதான் இந்த திரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

3/
முதலில் ஒரு அடிப்படை. ஈர்ப்பு வேற, செயல் வேற. ஈர்ப்பு உள்ள ஒருவர் வாழ்நாள் முழுக்க யாரையும் தொடாமலும் இருக்கலாம். பல நூற்றாண்டுகள் திருச்சபை பேசியது பெரும்பாலும் செயலைப் பற்றித்தான். 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி போப் ஒன்பதாம் லியோவுக்கு இதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். அதுவும் குருமார்களின் செயல்களைப் பற்றியதுதான்.

4/
'ஹோமோசெக்ஷுவல்' என்ற சொல் முதன்முதலாக அச்சில் வந்தது 1869இல். கெர்ட்பெனி என்ற எழுத்தாளர், பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து ஜெர்மன் மொழியில் எழுதிய பிரசுரத்தில் அதைப் பயன்படுத்தினார். ஆங்கில பைபிளுக்குள் அந்தச் சொல் நுழைந்தது 1946இல், திருத்திய நியம மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில். 1971 பதிப்பில் அதை மாத்திட்டாங்க. ஒரு சொல் செயலைக் குறிக்குதா, மனிதரைக் குறிக்குதா என்கிற குழப்பம் மொழிபெயர்ப்பாளர்களுக்கே இருந்தது.

5/
20ஆம் நூற்றாண்டில் "பாவம்" என்பதோடு "நோய்" என்ற முத்திரையும் சேர்ந்தது. கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங்குக்கு 1952இல் இங்கிலாந்து நீதிமன்றம் சிறைக்குப் பதிலா ஹார்மோன் சிகிச்சை விதித்தது. 1960களில் அங்கே மின் அதிர்ச்சி கொடுத்தும், வாந்தி மருந்து கொடுத்தும் ஈர்ப்பை "வெறுக்க வைக்க" முயற்சி நடந்தது. இதைச் செய்தது போதகர்கள் இல்லைங்க. எங்க துறைதான். இதை மறைச்சிட்டு மதத்தை மட்டும் குறை சொல்றது நேர்மை இல்லை.

6/
சொல்லப்போனா, அந்த நேரத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபை ஒரு படி முன்னால இருந்தது. 1954இல் அதன் ஒழுக்கநலக் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. ஈர்ப்பு என்கிற நிலை வேற, செயல் வேற என்று பிரிச்சுக் காட்டி, இதைச் சட்டப்படி குற்றமாக்கக் கூடாதுன்னு சொன்னது. 1957 உல்ஃபெண்டன் அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது. 1967இல் சட்டம் மாறியது. பேராயர் மைக்கேல் ராம்சி பிரபுக்கள் சபையில் அதை ஆதரித்தார். பாவம் என்ற கருத்தை அவர் விடவில்லை. ஆனா பாவம் வேற, குற்றம் வேற என்ற தெளிவு இருந்தது.

7/
மருத்துவம் மாறிய கதை சுருக்கமா: 1957இல் உளவியலாளர் எவலின் ஹூக்கர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் மற்ற 30 ஆண்களையும் சோதித்து, பெயர் சொல்லாம முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பிரிவுன்னு அவர்களால பிரிக்க முடியல. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. 1990இல் உலக சுகாதார நிறுவனமும் நீக்கியது.

8/
அதே 1973இல் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் 'லவ் இன் ஆக்‌ஷன்' என்ற கிறிஸ்தவ ஊழியம் தொடங்கியது. "டாக்டர்கள் கைவிட்டா என்ன, இயேசு மாற்றுவார்" என்கிற நம்பிக்கை. 1976இல் இப்படிப்பட்ட ஊழியங்கள் அனாஹைமில் கூடி 'எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பை உருவாக்கின. எக்ஸோடஸ்னா யாத்திராகமம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறியது போல, இந்த ஈர்ப்பிலிருந்து வெளியேறலாம் என்று அர்த்தம்.

9/
அவங்களை வில்லன்களா நினைக்காதீங்க. பலரும் தங்களுக்கே அந்த ஈர்ப்பு இருந்தவர்கள், உண்மையான பக்தி உள்ளவர்கள். ஜெபம், உபவாசம், ஆலோசனை, குழுக் கூட்டம் எல்லாம் செய்தாங்க. "அப்பா பாசம் கிடைக்காததால் வந்தது" என்ற பழைய உளப்பகுப்பாய்வுக் கருத்தையும் எடுத்துக்கிட்டாங்க. பலர் பெண்களைக் கல்யாணம் செய்து "விடுதலை பெற்றேன்" என்று சபைகளில் சாட்சி சொன்னாங்க. மாற முடியும் என்பதை நிரூபிக்க அவ்வளவு உழைப்பைக் கொட்டினாங்க.

10/
என்ன ஆச்சு? மூணே வருஷத்தில், 1979இல், எக்ஸோடஸை உருவாக்கியவர்களில் இருவர், மைக்கேல் பஸ்ஸியும் கேரி கூப்பரும், ஒருவரை ஒருவர் நேசிப்பதை உணர்ந்து அமைப்பை விட்டு வெளியேறினார்கள். 2007இல் பஸ்ஸி வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார். லவ் இன் ஆக்‌ஷனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் எவன்ஸ், மாற முடியாத விரக்தியில் தன் நண்பர் தற்கொலை செய்துகொண்ட பிறகு விலகினார்.

11/
அமைப்பு மட்டும் வளர்ந்துகிட்டே போச்சு. 1998இல் ஜான் பால்க் என்பவர் தன் மனைவியோடு நியூஸ்வீக் இதழின் அட்டையில் வந்தார். "மாறியவர்" என்பதற்கு வாழும் சாட்சி. 2000இல், எக்ஸோடஸின் வட அமெரிக்கக் குழுத் தலைவராக இருந்தபோதே, வாஷிங்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஒரு பாரில் பிடிபட்டார். 2013இல் தன்னால் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

12/
இதுல ஒரு மனநல மருத்துவரின் கதையும் இருக்கு. ராபர்ட் ஸ்பிட்ஸர். 1973 மாற்றத்துக்கு முக்கியக் காரணமே அவர்தான். அவரே 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்: "மாறிவிட்டோம்" என்று சொன்ன 200 பேரைப் பேட்டி எடுத்தேன், ஊக்கம் அதிகமுள்ள சிலருக்கு மாற்றம் சாத்தியம்னு. உலகம் முழுக்க "பாருங்க, நீக்கியவரே சொல்லிட்டார்" என்று அதைத் தூக்கிப் பிடித்தார்கள்.

13/
ஆனா அந்த ஆய்வில் பெரிய ஓட்டை. கணிசமானவர்களை அனுப்பி வைத்ததே இந்த ஊழியங்களும் அதே கருத்துள்ள சிகிச்சையாளர்களும்தான். ஒரு தொலைபேசிப் பேட்டி மட்டும். ஒப்பீட்டுக் குழு கிடையாது. சொன்னது உண்மையான்னு சோதிக்க வழியும் கிடையாது. 2012இல், பார்கின்சன் நோயோடு இருந்த முதிய வயதில், ஸ்பிட்ஸர் தன் ஆய்வு தவறு என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். தன் பெயரையே பணயம் வைத்துத் திருத்திக்கொண்ட அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

14/
அதே 2012இல் எக்ஸோடஸ் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் ஒரு கூட்டத்தில் உடைச்சுப் பேசினார். தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்றார். அவர் ஒரு பெண்ணை மணந்தவர். தனக்கே ஆண்கள் மீதான ஈர்ப்பு போகவில்லை என்றும் ஒத்துக்கிட்டவர். 2013 ஜூனில் மன்னிப்பு அறிக்கையோடு எக்ஸோடஸை மூடுவதாக அறிவித்தார். 37 வருஷம். முடிவு எதிரிகள் சொன்னதில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. (வேறு பெயர்களில் சில ஊழியங்கள் இன்னும் தொடர்வதும் உண்மை.)

15/
கத்தோலிக்கத் திருச்சபை? 1975 வத்திக்கான் ஆவணமே, சிலருக்கு இந்த ஈர்ப்பு பிறவியிலேயே வந்து நிலைத்ததாக இருக்கலாம் என்பதைக் குறிப்பிட்டது. 1992இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், இவர்கள் இந்த நிலையைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று நேரடியாவே சொன்னது. 1997 திருத்தத்தில் அந்த வாக்கியம் போய், ஈர்ப்பே ஒழுங்கு தவறியது என்ற வாசகம் வந்தது. ஆனா மரியாதையோடும் பரிவோடும் ஏற்கணும், அநியாயமான பாகுபாடு கூடாது என்ற பகுதி அப்படியே இருக்கு.

16/
செயலைப் பற்றி சபைகளிடையே இன்னும் ஒற்றுமை இல்லை. கத்தோலிக்கமும் பல சுவிசேஷ சபைகளும் தன்பால் உறவைப் பாவம் என்கின்றன. வேறு சில சபைகள் தன்பால் திருமணத்தையே நடத்தி வைக்கின்றன. அது இறையியல் விவாதம். எம்.பி.பி.எஸ். படிச்ச நான் அதுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் 2017இல், உள்ளே அந்த விவாதம் முடியாத நிலையிலும், மாற்று சிகிச்சையைத் தடை செய்யணும்னு அரசைக் கேட்டது. அதாவது, இறையியலில் உடன்படாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து நிற்க முடியும்.

17/
அறிவியல் என்ன சொல்லுது? "இதுக்கான மரபணு" என்று ஒன்று கிடையாது. 2019இல் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு அதைத் தெளிவாக்கியது. பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும், மற்ற காரணங்களும் சேர்கின்றன. கருவறைக் காலமும் அதில் ஒன்றாக இருக்கலாம். ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன்கள் கூடக் கூட, தம்பிக்கு இந்த ஈர்ப்பு இருக்கும் வாய்ப்பு சற்று கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. முழு விடை இன்னும் வரல. ஆனா "காரணம் முழுசா தெரியாது" என்பதற்கு "அவனே தேர்ந்தெடுத்தான்" என்று அர்த்தம் இல்லை. இடது கைப்பழக்கத்துக்கும் முழுக் காரணம் தெரியாது.

18/
இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த ஈர்ப்பை "குணப்படுத்தும்" மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன், தன் புரிதல் போதாதுன்னு தானே உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கிட்டவர் அவர். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் மாற்று சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே எந்த டாக்டராவது "மாத்தித் தரேன்" என்று பணம் கேட்டா, அவர் மேல புகார் கொடுக்கலாம்.

19/
அந்த அப்பாவிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை, வரிசை நீளம். ஒண்ணுதான் கேட்டேன்: "நீங்க எந்த வயசுல பொண்ணுங்களைப் பிடிக்கணும்னு முடிவு பண்ணீங்க?" கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது தானா வர்றதுதானே டாக்டர்" என்றார். "அவனுக்கும் அப்படித்தாங்க. அவன் அடம் பிடிக்கல. உங்ககிட்ட பொய் சொல்லாம இருக்கான், அவ்வளவுதான்" என்றேன்.

20/
அவர் மனசு மாறிடுச்சுன்னு நான் சொல்ல வரல. ஊசி கேட்கிறதை நிறுத்தினார், மகனை உள்ளே கூப்பிட்டார். அன்னைக்கு அது போதும்.

21/
உங்க வீட்டிலோ சபையிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா: கட்டாயக் கல்யாணம் வேண்டாம், அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். அடி, பட்டினி, அறையில் பூட்டுறது வேண்டாம். ஜெபிக்கணும்னா, பிள்ளையை மாத்தச் சொல்லி இல்லாம, பிள்ளை உயிரோடும் நிம்மதியோடும் இருக்கணும்னு ஜெபியுங்க. தற்கொலை எண்ணம், மனச்சோர்வு இருந்தா 14416 டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் தயங்காம வாங்க.

தேவைப்படுற ஒரு அம்மா அப்பாவுக்குப் போய்ச் சேரட்டும், பகிருங்க.