கூடும் நெறிமுறையும்: வட அமெரிக்க மின்கார் இணைப்பான் பற்றி ஒரு மறுவாசிப்பு

வட அமெரிக்க மின்கார்கள் டெஸ்லாவின் இணைப்பானுக்கு மாறியதை விளக்கும் எழுத்துகளில் ஒரு கதை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. இரண்டு வடிவங்கள் போட்டியிட்டன: டெஸ்லாவுடையதும், மற்ற நிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய சி.சி.எஸ்.ஸும். சிறியதும் கையாள எளியதுமானது வென்றது. 2023 மே 25 அன்று ஃபோர்டும் ஜூன் 8 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் அதை ஏற்றதும் மற்ற நிறுவனங்கள் வரிசையாகப் பின்னால் வந்தன. சந்தை தீர்ப்பளித்தது, சி.சி.எஸ். தோற்றது என்பதே இந்த வாசிப்பின் சாரம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. வென்றது பிளக்கின் வடிவம் என்ற கூடுதான். அந்தக் கூட்டுக்குள் இன்று இயங்குவது, தோற்றதாகச் சொல்லப்படும் தரப்பின் தகவல் நெறிமுறை.

சர்ச்சைக்குரிய சான்று, தன் இணைப்பானை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டு 2022 நவம்பர் 11 அன்று டெஸ்லா வெளியிட்ட அறிவிப்பு. அதன் முன்பகுதி பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது: அசையும் பாகம் இல்லை, சி.சி.எஸ்.ஸில் பாதி அளவு, இரு மடங்கு திறன், சாலையில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் முன்னிலை. இந்த இணைப்பான் மின்சாரமும் இயந்திரவியலும் மட்டுமே சார்ந்தது, எந்தத் தகவல் நெறிமுறைக்கும் கட்டுப்படாதது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வரியோடு நின்றுவிட்டன. ஆனால் அறிவிப்போடு ஒரு தொழில்நுட்ப ஆவணமும் வெளியானது. அதைத் திறந்தால் நிலைமை வேறு. நேர்மின்னோட்ட மின்னேற்றத்தின்போது காரும் சார்ஜரும் மின்கம்பி வழித் தகவல்தொடர்பின் மூலம், டின் 70121 தரம் காட்டும் முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஐ.எஸ்.ஓ. 15118 வரையறுக்கும், செருகியவுடன் கணக்கு தானாகத் தொடங்கும் வசதிக்கும் இந்த இணைப்பான் பொருந்தும் என்கிறது. இவை இரண்டும் சி.சி.எஸ். உலகின் சொத்து. முகப்பில் நடுநிலை பேசிய அறிவிப்பு, உள்ளே எதிர்த்தரப்பின் நெறிமுறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதைப் பிளக்கின் முகத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். டெஸ்லாவின் இணைப்பானில் மொத்தம் ஐந்து முனைகள். இரண்டு தடித்த முனைகள் மாறுமின்னோட்டத்தையும் நேர்மின்னோட்டத்தையும் கடத்துகின்றன. ஒன்று புவி இணைப்பு. மீதி இரண்டும் மெல்லியவை: ஒன்று பிளக் சரியாகச் செருகப்பட்டதா என்று சொல்வது, மற்றது பேசுவது. வட அமெரிக்க சி.சி.எஸ்.ஸிலோ நேர்மின்னோட்டத்துக்கென்று இரண்டு முனைகள் தனியே கீழே தொங்குவதால் ஏழு ஆகின்றன; பிளக் பருத்துப்போவதும் அதனால்தான். ஆனால் ஒரு காருக்கு மின்னேற்றம் தொடங்குமா தொடங்காதா என்பதை அந்தப் பேசும் முனையில் நடக்கும் உரையாடல்தான் தீர்மானிக்கிறது. இரு தரப்பும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். கேபிளின் மின்காப்பு சோதிக்கப்பட வேண்டும். சார்ஜர் தன் மின்னழுத்தத்தை பேட்டரியின் அளவுக்கு உயர்த்த வேண்டும். அதன்பிறகே காரின் உள் சுவிட்சுகள் மூடுகின்றன. பிறகு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கார் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதில் ஒரு படி தவறினாலும் ஆம்பியர் ஒன்றுகூடப் பாயாது, துளை எவ்வளவு பொருந்தினாலும்.

இதற்கான நேரடிச் சான்று டெஸ்லாவின் நிலையங்களிலேயே இருக்கிறது. வட அமெரிக்காவில் 150 கிலோவாட் தரும் இரண்டாம் தலைமுறை சூப்பர்சார்ஜரின் பிளக்கும், 2019இல் வந்த மூன்றாம் தலைமுறையின் பிளக்கும் வடிவில் ஒன்றே. ஃபோர்டு கார் அடாப்டரோடு மூன்றாம் தலைமுறையில் மின்னேறுகிறது. இரண்டாம் தலைமுறையில் ஏறுவதில்லை. பழைய நிலையம் டெஸ்லாவின் சொந்த நெறிமுறையை மட்டுமே அறியும். இதன் மறுபக்கமும் உண்டு: பழைய டெஸ்லா கார்கள் பலவற்றில், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றாமல் சி.சி.எஸ். அடாப்டர் வேலை செய்வதில்லை. பொதுத்தரத்தின் எல்லை பிளக்கின் வடிவத்தில் இல்லை. ‘வடிவம் வென்றது’ என்போர் இந்த எளிய உண்மைக்கு இன்னும் விடை தரவில்லை.

காலவரிசையும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. இதே இணைப்பான் 2012இல் மாடல் எஸ் காரோடு வந்தது. நல்லெண்ணத்தோடு தன் காப்புரிமைகளைப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடரமாட்டோம் என்று 2014 ஜூனில் டெஸ்லா அறிவித்தது. அதில் பிறர் ஏற்கத் தயங்கும் நிபந்தனைகள் இருந்தன என்பது உண்மை. என்றாலும், பெரிய கார் நிறுவனம் எதுவும் பத்தாண்டுகளாக அந்தப் பிளக்கைத் தொடவில்லை. அளவும் எடையும் அன்றும் இதேதான். மாறியது வேறு. 2021இன் அமெரிக்க உள்கட்டமைப்புச் சட்டம் நெடுஞ்சாலை மின்னேற்றத்துக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தைப் பெற ஒவ்வொரு சார்ஜரும் சி.சி.எஸ். காருக்கு மின்னேற்ற வேண்டும் என்ற வரைவு விதியைக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2022 ஜூனில் வெளியிட்டது. டெஸ்லாவின் அறிவிப்பு ஐந்து மாதம் கழித்து வந்தது. இறுதி விதி 2023 பிப்ரவரியில் வந்தபோது, குறைந்தது 7,500 சார்ஜர்களை மற்ற கார்களுக்குத் திறப்பதாக டெஸ்லா ஒப்புக்கொண்ட செய்தியை வெள்ளை மாளிகை வெளியிட்டது.

தேதிகள் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நிறுவிவிட முடியாது. நிறுவனத்தின் உள்நோக்கம் ஆவணங்களில் தெரிவதில்லை. ஆனால் ஐரோப்பிய அனுபவம் இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியாணை, சி.சி.எஸ்.ஸின் ஐரோப்பிய வடிவமான காம்போ 2 இணைப்பானைப் பொதுத்தரமாக்கியது. 2019இல் அங்கே போன மாடல் 3 கார்கள் அந்தத் துளையோடுதான் போயின. சட்டம் உறுதியாக நின்ற இடத்தில் டெஸ்லா கூட்டையே விட்டுக்கொடுத்தது. விதி இளகி நின்ற அமெரிக்காவில் கூட்டைக் காத்துக்கொண்டு நெறிமுறையை விட்டுக்கொடுத்தது. இரண்டு கண்டத்திலும் மாறாமல் நின்றது சி.சி.எஸ். உரையாடல்தான்.

கார் நிறுவனங்கள் டெஸ்லாவின் நிலையங்களைத் தேடிப் போனதற்குக் காரணம் நம்பகத்தன்மை என்ற வாதம் சரியானது. ஆனால் அது பிளக்குக்கான வாதம் அன்று. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 181 பொது விரைவு மின்னேற்ற நிலையங்களின் 657 சி.சி.எஸ். இணைப்பான்களைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், ஒழுங்காக இயங்கியவை 72.5 விழுக்காடு. பழுதுகளின் பட்டியலில் உடைந்த இணைப்பான்களும் இருந்தன. ஆனால் இருண்ட திரை, ஏற்காத பண அட்டை, அறுந்த வலைத்தொடர்பு, தொடங்காத மின்னேற்றம் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. வேறு வடிவப் பிளக் இவற்றைத் தீர்த்திருக்காது. பராமரிப்பு தீர்த்திருக்கும்.

வேறு இரண்டு மறுப்புகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சிறிய பிளக் முதியோருக்கும் கைவலு குறைந்தோருக்கும் எளிது என்பது உண்மை, வரவேற்கத்தக்கது. அது மாற்றத்தின் பயன், காரணம் அன்று. 2025 பிப்ரவரியில் அந்த நெடுஞ்சாலை நிதித் திட்டத்தைக் கூட்டரசு நிறுத்திவைத்தபோதும் மாற்றம் நிற்கவில்லையே என்கிறார்கள். அதற்குள், தரங்களை வகுக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பு இந்த இணைப்பானுக்கான ஜே3400 தொழில்நுட்ப அறிக்கையை 2023 டிசம்பரில் வெளியிட்டுவிட்டது, நிறுவனங்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுவிட்டன.

புதிய துளையோடே பிறந்த கார்களிலும் இந்தப் பிளவு தெரிகிறது. 2025ஆம் ஆண்டு மாதிரியான ஹூண்டாய் அயோனிக் 5, அமெரிக்காவில் டெஸ்லா வடிவத் துளையோடு விற்பனைக்கு வந்த தொடக்கக் கார்களுள் ஒன்று. அதன் பெரிய பேட்டரி 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற, அடாப்டர் மாட்டி 350 கிலோவாட் சி.சி.எஸ். சார்ஜரில் செருகினால் சுமார் 20 நிமிடம். அடாப்டரே இல்லாமல் மூன்றாம் தலைமுறை சூப்பர்சார்ஜரில் செருகினால் சுமார் 30 நிமிடம், ஏனெனில் அந்த நிலையத்தின் மின்னழுத்தம் இந்த 800 வோல்ட் வகைக் காருக்குப் போதாது. ஆகவே ஆய்வு அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எந்த நிறுவனம் எந்தத் தேதியில் மாறியது என்ற பட்டியலை அன்று. ஒவ்வொரு நிலையத்திலும் எந்த நெறிமுறை, எந்த மின்னழுத்தம் வரை, எந்தக் கார்களோடு உண்மையில் இயங்குகிறது என்ற களப்பதிவு வேண்டும்; இரண்டாம் தலைமுறை நிலையங்கள் கழற்றப்படும் முன் அது தொடங்கப்பட வேண்டும்.